பொட்டலம் போட்ட முடி மாத்திரை

"வேற ஏதாச்சும் மாத்திரை மருந்து சாப்பிடுறீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டபோது ஹேமலதா பதில் சொல்லாமல் நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள். வளர்மதி சட்டென்று, "ஒண்ணும் இல்லீங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டாள்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. பக்கத்தில் அவள் தம்பி, ஹேமலதாவின் புருஷன் கலையரசன் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். போனில் கண்டதையும் ஆர்டர் போடுவது அவனுக்குப் பிடிக்காது. அவன் எதிரில் அந்தப் பேச்சை எடுக்க வாய் வரவில்லை. அதோடு, அது என்ன மருந்தா, சத்து மாத்திரைதானே என்று ஒரு சமாதானமும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது.

டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைத் தாளை இன்னொரு தடவை பார்த்தார்.

"தைராய்டு ரொம்ப ஜாஸ்தின்னு காட்டுது. நாடியும் வேகமா இருக்கு. மாசமா இருக்கறப்ப இத சும்மா விட முடியாதும்மா. மாத்திரை எழுதுறேன். இந்த மாத்திரையுமே வயித்துல இருக்கிற புள்ளைக்கு அவ்வளவு நல்லதுன்னு சொல்ல முடியாது. ஆனா போடாம விட்டா அதவிட மோசம். பாத்துப் பாத்துதான் குடுக்கணும்."

கலையரசன் தலையை ஆட்டினான். கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து வந்த கரு. டாக்டர் விஷத்தைக் கொடுத்தாலும் நல்லதுக்குத்தான் என்று நம்பி வாங்கிக்கொள்கிற நிலையில் இருந்தார்கள் இரண்டு பேரும். அந்தப் பெரம்பலூர் கிளினிக்கை விட்டு வெளியே வந்ததும் ஹேமலதா, "அண்ணி..." என்று மெதுவாக இழுத்தாள். அவள் நாத்தனாரை அண்ணி என்றுதான் கூப்பிடுவாள்.

"அது சத்து மாத்திரடி. அதப் போயி சொல்லிக்கிட்டு" என்று வளர்மதி காதோடு சொன்னாள். அத்தோடு அந்தப் பேச்சு நின்றது.

அப்பா அம்மா போன பிறகு கலையரசனை வளர்த்தது வளர்மதிதான். சிறுவாச்சூரைத் தாண்டி இருக்கிற அவர்கள் ஊரில் இரண்டு வீடும் ஒரே தெருவில். ஹேமலதாவைக் கல்லங்குறிச்சிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "பொண்ணு லட்சணமா இருக்கு, முடி இடுப்புக்குக் கீழ கெடக்கு" என்று தம்பியிடம் சொன்னதும் அவள்தான்.

போன வருஷம் கலையரசன் பைக்கில் வரும்போது ஒரு டிப்பர் லாரி உரசிவிட்டுப் போய்விட்டது. தொடை எலும்பு முறிந்து திருச்சியில் படுத்துக் கிடந்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு வளர்மதி சிறுவாச்சூர் அம்மனை நினைத்து வேண்டிக்கொண்டாள். தம்பி எழுந்து நடந்தால் அவன் பொண்டாட்டி உன் வாசலில் முடி இறக்குவாள் என்று.

தன் முடியை நேர்ந்திருக்கலாம். அந்த நேரத்தில் அது தோன்றவே இல்லை. புருஷனுக்காகப் பொண்டாட்டி செய்கிறது முறைதானே என்றுதான் நினைத்தாள். கலையரசன் கைத்தடியை விட்டு நடந்த பிறகு வந்த வெள்ளிக்கிழமையில் ஹேமலதாவைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தாள். அந்தப் பெண் ஒரு வார்த்தை சொல்லவில்லை. குனிந்த தலையிலிருந்து கற்றை கற்றையாக முடி விழுந்தது. மொட்டை அடிக்கிற ஆளே, "ஏம்மா, நுனியில கொஞ்சம் பூ முடி குடுத்தா போதாதா?" என்று கேட்டார். வளர்மதிதான், "வேண்டுனது வேண்டுனபடி செஞ்சிரணும்" என்று சொன்னாள்.

முடி திரும்ப வளர்ந்தது. ஆனால் பழையபடி இல்லை. மெலிசாக, காதுக்கு மேலேயே நின்றுகொண்டது. அந்த நேரம் பார்த்து ஹேமலதாவின் தங்கை நந்தினிக்கு நிச்சயதார்த்தம் வந்தது. அக்காக்காரி சபையில் நிற்கிறாள், பூ வைக்க இடமில்லை. ஸ்லைடு குத்தினால் வழுக்கிக்கொண்டு வருகிறது. மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி, "இது யாரு, பொண்ணுக்குத் தம்பியா?" என்று கேட்டுச் சிரித்தாளாம். ஹேமலதாவும் அதைச் சொல்லிச் சிரித்தாள். சொல்லிவிட்டு மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்று அழுதாள். வளர்மதி அதைப் பார்த்துவிட்டாள்.

அன்றையிலிருந்துதான் அவளுக்கு அந்தப் புழுக்கம். கல்யாணத்துக்குள் இவளுக்கு எப்படியாவது முடி வளர்ந்துவிட வேண்டும்.

வளர்மதி வெங்காயக் கொட்டகையில் வேலை பார்த்தாள். சின்ன வெங்காயத்தைத் தாள் அரிந்து, அழுகல் பொறுக்கி, கூடையில் அள்ளிப் போடுகிற வேலை. ஆறு பொம்பளைகள் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். அங்கே ஒரு நாள் அவள் முடிப் பேச்சை எடுத்தபோது ஒருத்தி, "சின்ன வெங்காயச் சாறு தடவச் சொல்லுக்கா, அப்புடி வளருமாம்" என்றாள்.

பாப்பாத்தி சும்மா விடுவாளா? "அடிப்போடி இவளே. நாம வருசக்கணக்கா வெங்காயத்துலதான் பொரண்டு எந்திரிக்கிறோம். அப்ப நம்மளுக்கெல்லாம் முடி கரண்டைக் காலு வரைக்கும்ல தொங்கணும்? எனக்குப் பாரு, எலி வாலுகூட இதவிட தாட்டியா இருக்கும்!"

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் வளர்மதி போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினாள். ஒரு பெண் மாத்திரை டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் இப்படி இருந்தது, இப்போது இப்படி ஆகிவிட்டது என்று காட்டினாள். விலையைக் கேட்டால் ஒருத்தியால் வாங்க முடியாது. அதனால் என்ன, கொட்டகையில் எதையும் ஒருத்தி தனியாக வாங்குவதில்லை. கடலை எண்ணெய் டின்னும் அப்படித்தான், மிளகாய் வத்தல் மூட்டையும் அப்படித்தான். சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்வார்கள். மாத்திரையையும் அப்படியே பிரித்தார்கள். பேப்பரைக் கிழித்து ஆறு பொட்டலம். வளர்மதிதான் மடித்துக் கொடுத்தாள்.

தன் பொட்டலத்தை அவள் ஹேமலதாவுக்குக் கொடுத்தாள். அடுத்த டப்பாவிலும், அதற்கடுத்ததிலும் தனக்கென்று சொல்லி ஹேமலதாவுக்காக இன்னும் ஒரு பங்கு சேர்த்தே எடுத்தாள். "எல்லாரும் ஒண்ணு போடுறாளுவ. நீ ரெண்டு ரெண்டா போடு. கல்யாணத்துக்குள்ள வந்துரும்" என்றாள். காலியான டப்பா நல்ல கெட்டி பிளாஸ்டிக். சுடு தண்ணீரில் ஊற வைத்து, ஒட்டியிருந்த தாளை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு அதில் கடுகு போட்டு வைத்தாள். அந்தத் தாளில் பொடிப் பொடியாக என்னென்னவோ இங்கிலீஷில் எழுதியிருந்தது. அதை யார் படிக்கிறது என்று விட்டுவிட்டாள்.

ஹேமலதாவுக்கு நாள் தள்ளிப்போனது தெரிந்த பிறகும் மாத்திரை ஓடிக்கொண்டுதான் இருந்தது. "புள்ளைக்கும் சத்துதான்" என்று வளர்மதியே சொன்னாள்.

டாக்டரிடம் போய் வந்தது திங்கட்கிழமை. ஹேமலதா புது மாத்திரையோடு அம்மா வீட்டுக்குப் போனாள். கலையரசனும் கூடப் போனான். ஹேமலதாவின் அம்மா வெற்றிச்செல்வி, "செவ்வாக்கெழமையில புது மருந்து ஆரம்பிக்க வேணாம். புதன்கெழமை காலையில சாப்பிட்டுட்டுப் போடட்டும்" என்று சொல்லியிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை கொட்டகையில் பாப்பாத்தி வந்து உட்காரும்போதே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

"ஏய் வளரு, உன் முடி மாத்திர எனக்கு வேணாம் தாயி. எம் மூஞ்சியப் பாரு. பேரன் எடுத்தவளுக்குப் பரு வந்துருக்கு. எங்க வூட்டுக்காரரு, 'என்னாடி, மறுபடியும் வயசுக்கு வந்துட்டியா'ங்கறாரு."

மற்றவர்கள் சிரித்தார்கள். இன்னொருத்தி, "எனக்கு வவுறு எரியுதுக்கா. நான் நாலு நாளைக்கு முன்னாடியே நிறுத்திட்டேன்" என்றாள்.

"சிரிக்காதீங்கடி. நேத்து நம்ம ஊருக்கு ரத்தம் பாக்குற கேம்ப் வந்துச்சுல்ல? அந்த டாக்டரு என்னா சாப்பிடுறன்னு கேட்டாரு. நான் ஒண்ணு விடாம சொல்லிப்புட்டேன். வெத்தல, பொவயில, சக்கர மாத்திர, இந்த முடி மாத்திர, எல்லாம். பொட்டலத்தப் பிரிச்சே காட்டுனேன். அவருக்கு வந்துச்சு பாரு கோவம்! டப்பா எங்க, டப்பாவுல ஒட்டியிருக்கிற தாளு எங்கங்கறாரு. வளர்மதி வூட்டுல கடுகு போட்டிருக்காங்கன்னா சொல்ல முடியும்? இது என்னா ஏதுன்னு தெரியாம போடாத, தோலும் கெடும், ஈரலும் கெடும், அதிகமா போனா இருக்கிற முடியும் கொட்டும்னாரு."

"இருக்கறதும் கொட்டுமா?"

"ஆமாங்கறேன். இன்னொண்ணு சொன்னாரு. இந்த முடி மாத்திரையில பயோட்டினோ என்னமோ இருக்குமாம். அது ரத்தத்துல இருந்தா சில மெசினு தப்பாக் காட்டிப்புடுமாம். இல்லாத தைராய்டு இருக்கற மாரி காட்டுமாம். அதனால கொஞ்ச நாளு நிறுத்திட்டு வா, அப்பறம் ரத்தம் எடுக்கலாம்னு என்னையத் திருப்பி அனுப்பிட்டாரு. மாசமா இருக்கிற பொம்பள யாராச்சும் இதப் போடுறாங்களான்னு வேற கேட்டாரு. அதுல இருக்கிற ஏதோ ஒரு வைட்டமினு அளவு மீறுனா புள்ளைக்கு ஆவாதாம். நம்ம கூட்டத்துல யாருடி மாசமா இருக்கா, எல்லாம் கெழடு கட்டைங்க, யாரும் இல்லீங்கன்னுட்டேன்."

வளர்மதியின் கையில் இருந்த வெங்காயம் கீழே விழுந்தது. ஹேமலதாவுக்குக் கொடுத்தது கொட்டகையில் யாருக்கும் தெரியாது. தம்பி பொண்டாட்டிக்கு முடி வரவில்லை என்று நாலு பேர் பேசக்கூடாது என்று அவள்தான் மறைத்து வைத்திருந்தாள். வெங்காயக் காரத்தில் எல்லாருக்குமே கண்ணில் தண்ணீர் வந்துகொண்டிருந்ததால் அவள் அழுதது யாருக்கும் தெரியவில்லை. பாதி வேலையில் எழுந்து போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து தம்பிக்குப் போன் போட்டாள். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்தான். நான்தான் கொடுத்தேன், நான்தான் இல்லையென்று சொன்னேன். ஆனால் வாயைத் திறந்ததும் வேறு என்னவோ வந்தது.

"தம்பி, நாளைக்கி அந்த மாத்திரைய ஆரம்பிக்க வேணாம்டா."

"ஏன்க்கா?"

"மனசுக்குச் சரியாப் படல. சிறுவாச்சூரு அம்மன் கனவுல வந்துச்சு. வேணாங்குது."

கலையரசன் அதுவரை அக்காவிடம் அப்படிப் பேசியதே இல்லை.

"ஒவ்வொரு தடவையும் உனக்கு மட்டும் எப்புடிக்கா சாமி வந்து சொல்லுது? சாமின்னு சொல்லித்தான் அவ முடிய எடுத்த. நான் வாயத் தொறக்கல. இப்ப புள்ள விசயத்துலயும் சாமியா? டாக்டரு சொன்னதத்தான் கேப்போம். போன வைய்யி."

வைத்துவிட்டான். வளர்மதி கையில் போனை வைத்துக்கொண்டே நின்றாள். உண்மையைச் சொல்ல பயந்து அம்மன் பெயரில் பொய்யும் சொல்லியாயிற்று. இதற்குமேல் மறைக்க அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை.

புதன்கிழமை விடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்தாள். பெரம்பலூரில் இறங்கி அரியலூர் பஸ் ஏறினாள். வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. பஸ் அவற்றின் பின்னால் ஊர்ந்தது. அவள் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சாப்பிட்டிருப்பாளா, போட்டிருப்பாளா என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். ஹேமலதாவுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. கலையரசன் கட் செய்தான்.

அரியலூரில் இறங்கி ஆட்டோ பிடித்துக் கல்லங்குறிச்சி போய்ச் சேர்ந்தபோது ஹேமலதா தட்டில் கை கழுவிக்கொண்டிருந்தாள். மாத்திரை அட்டை பக்கத்து ஸ்டூலில் தண்ணீர்ச் சொம்போடு இருந்தது. வளர்மதி செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய் அந்த அட்டையை எடுத்துக்கொண்டாள்.

"அக்கா!" என்று கலையரசன் கத்தினான்.

"அம்மன் கனவுல வரலடா" என்றாள் வளர்மதி. மூச்சு வாங்கியது. "நான் பொய் சொன்னேன். ஹேமாவுக்கு முடி வளர ஒரு மாத்திர குடுத்துக்கிட்டு இருந்தேன். ரெண்டு ரெண்டா போடச் சொன்னேன். அன்னிக்கி டாக்டரம்மா கேட்டப்ப நாந்தான் இல்லன்னுட்டேன். அது ரத்தத்துல இருந்தா தைராய்டு தப்பா காட்டுமாம். இவளுக்கு அந்த நோவே இல்லாம இருக்கலாம். இல்லாத நோவுக்கு மருந்து போட வேணாம்டா."

கலையரசன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெற்றிச்செல்விதான் பேசினாள்.

"ஏம்மா வளர்மதி, எம் பொண்ண உன் வூட்டுக்குக் கட்டிக் குடுத்தமா, இல்ல நேந்து விட்டமா? மொட்ட அடிச்ச. சரின்னோம். அப்பறம் முடி வரலன்னு மருந்து குடுத்துருக்க. மாசமா இருக்கான்னு தெரிஞ்சும் குடுத்துருக்க. நாலு வருசம் கழிச்சி வந்த புள்ளைம்மா இது."

"தெரியாம பண்ணிட்டேன் அத்தை."

"தெரியாம குடுத்த, சரி. டாக்டருகிட்ட இல்லன்னு சொன்னது தெரிஞ்சுதான?"

வளர்மதி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, விடு" என்றாள் ஹேமலதா. "நானும் அங்கதான் இருந்தேன். எனக்கும் வாய் இருக்குல்ல? டாக்டரு நிறுத்தச் சொல்லிட்டா நந்தினி கல்யாணத்துலயும் இதே தலையோட நிக்கணுமேன்னுதான் வாய மூடிக்கிட்டு இருந்தேன்." பிறகு வளர்மதியைப் பார்த்துச் சொன்னாள், "ஆனா அண்ணி, இதுக்காக நீங்க ஒண்ணும் வேண்டிக்காதீங்க. எனக்காக இனிமே எதையும் நேந்துக்காதீங்க. கையெடுத்துக் கும்புடுறேன்."

வளர்மதி வருகிற வழியில் பஸ்ஸிலேயே என்னென்னவோ வேண்டத் தொடங்கியிருந்தாள். மனதுக்குள் இருந்த அத்தனையையும் அப்படியே விட்டுவிட்டு, "இல்லம்மா" என்றாள்.

அன்றைக்கே மூன்று பேரும் பெரம்பலூர் வந்தார்கள். ஆர்டர் போட்ட டப்பாவின் படத்தை வளர்மதி போனில் எடுத்துக் காட்டினாள். டாக்டரம்மா படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு வரியாகப் படித்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் சத்தம் போடவில்லை.

"நான் கேட்டேனேம்மா" என்று மட்டும் சொன்னார்.

முடி மாத்திரையை அத்தோடு நிறுத்தச் சொன்னார். தைராய்டு மாத்திரையை ஆரம்பிக்க வேண்டாம் என்றார். கொஞ்ச நாள் விட்டு மறுபடி ரத்தம் எடுத்தார்கள். தைராய்டு சரியாகத்தான் இருந்தது. மாசமாக இருக்கும்போது லேசாக ஏறி இறங்கும், அந்த அளவுதான் என்றார். கலையரசன் நாற்காலியிலேயே முகத்தை மூடிக்கொண்டான்.

ஆனால் டாக்டரம்மா தாளை மூடி வைக்கவில்லை. "அந்த மாத்திரையில விட்டமின் ஏ இருக்கு. ஒண்ணுன்னா பரவால்ல. ரெண்டு ரெண்டா போட்டிருக்காங்க, அதுவும் மொதல் மாசங்கள்ல. பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா ஒண்ணுமே ஆகாதுன்னு நான் எழுதிக் குடுக்க மாட்டேன். அஞ்சாம் மாசம் ஸ்கேன்ல பாப்போம்."

அந்த அஞ்சாம் மாசம் வருகிறவரைக்கும் வளர்மதி எப்படி இருந்தாள் என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கொட்டகைப் பொம்பளைகளின் வீட்டுக்கு வீடு போய் மிச்சமிருந்த பொட்டலங்களை வாங்கி வந்தாள். ஏன் என்று கேட்டவர்களிடம் ஹேமலதாவின் பெயரையும் சேர்த்தே சொன்னாள். பாப்பாத்திகூட அன்றைக்குக் கேலி பேசவில்லை. தெருவில் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு யார் வந்தாலும் அந்தக் குழந்தையின் காது, உதடு, கை விரல் என்று அவள் கண் தானாக எண்ணியது. தம்பி வீட்டுக்குக் குழம்பு செய்து எடுத்துக்கொண்டு போவாள். வாசலில் நின்று யோசிப்பாள். என் கையால் செய்ததை இவள் சாப்பிடலாமா? திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். கலையரசன் தேவைக்குப் பேசினான். அதற்கு மேல் பேசவில்லை.

நந்தினியின் கல்யாணம் நடந்தது. ஹேமலதா அதே குட்டை முடியோடு, தலையில் பூ இல்லாமல், மணமேடைக்குப் பக்கத்திலேயே நின்றாள். யாரோ ஏதோ கேட்டார்கள். "இப்புடித்தான் இருக்கு, என்னா இப்ப?" என்று அவள் சொன்னது பந்தியில் இருந்த வளர்மதிக்குக் கேட்டது.

ஸ்கேன் நாள் அன்று வளர்மதி யாரும் கூப்பிடாமலே பெரம்பலூர் போய் ஸ்கேன் சென்டருக்கு வெளியில் வேப்பமரத்தடியில் நின்றாள். கலையரசன் பார்த்தான். போ என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. அவனும் ஹேமலதாவும் உள்ளே போனார்கள். வெயில் ஏறிக்கொண்டே போனது. வாய் என்னவோ முணுமுணுக்க ஆரம்பித்தபோதெல்லாம் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். வேண்டக் கூடாது என்று ஹேமலதா சொல்லியிருக்கிறாள். வேண்டாமல் நிற்பது அவ்வளவு கஷ்டம் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

கதவு திறந்தது. கலையரசன் முதலில் வந்தான். கண் சிவந்திருந்தது. அவன் கிட்ட வந்து நின்று, "பாத்த வரைக்கும் எல்லாம் சரியா இருக்குதாம்க்கா. இருதயம், மொகம், முதுகெலும்பு எல்லாத்தையும் பாத்துட்டாங்க" என்றான். பிறகு வண்டியை எடுக்கப் போய்விட்டான்.

ஹேமலதா மெதுவாக நடந்து வந்தாள். "காலையும் கையையும் ஒதைச்சிக்கிட்டே இருக்கு அண்ணி. படத்துல ஒழுங்கா முகத்தக் காட்ட மாட்டேங்குது" என்றாள். முகத்தில் சிரிப்பு இருந்தது.

வளர்மதியின் கை தன்னாலே அவள் வயிற்றை நோக்கி நீண்டது. பாதியிலேயே நின்றுவிட்டது. இந்தக் கைதான் பொட்டலம் மடித்தது. நல்லபடியாக முடிந்துவிட்டது என்பதால் அது வேறு கையாகிவிடாது.

ஹேமலதா அந்தக் கையைப் பார்த்தாள். பிடித்து இழுத்து வைத்துக்கொள்ளவும் இல்லை. விலகிப் போகவும் இல்லை.

"வெயிலு ஏறுது. வாங்க, பஸ் ஏத்தி விட்டுட்டுப் போறோம்" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். வளர்மதி பின்னால் போனாள்.